குளவி குடியேறிய உடல்

முதுகெங்கும் சிறிய வெண்ணிறக் கூடுகள் ஒட்டியிருக்க, தக்காளிச் செடியின் தண்டைப் பற்றியபடி அசையாமல் நிற்கும் பச்சைப் புழுவின் படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தக் கூடுகளைப் புழுவின் முட்டைகள் என்று எண்ணிவிடுவது எளிது. ஆனால் அவை குளவியின் கூடுகள். புழுவின் உடலுக்குள் முட்டைகளாக இடப்பட்டு, அங்கேயே உண்டு வளர்ந்து, அதன் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த இளம் குளவிகள் கட்டியவை அவை. புழுவின் பெயர் மண்டூக்கா செக்ஸ்டா. வட அமெரிக்காவில் புகையிலையையும் தக்காளியையும் தின்று தீர்க்கும் கொம்புப்புழு. குளவியின் பெயர் கொட்டீசியா கான்கிரிகேட்டா. நீளம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு: பல பத்துக் குளவிப் புழுக்கள் உடலைத் துளைத்து வெளியேறிய பிறகும் அந்தப் புழு சாகவில்லை. உண்ணாமலும் தானாக நகராமலும் மேலும் பல நாள்கள் அது உயிரோடிருக்கும்.

அந்த உயிர் எப்படித் தக்கவைக்கப்படுகிறது என்பதுதான் இந்தப் பதிவின் பொருள். இத்தகைய குளவிகளைப் பற்றி வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஜாம்பிக் கதைகளாகவே எழுதப்படுகின்றன. குளவி பூச்சியின் மனத்தைக் கைப்பற்றுகிறது, பூச்சி அதன் அடிமையாகிறது என்ற அளவில் அவை நின்றுவிடுகின்றன. படிக்கச் சுவையாக இருந்தாலும், உண்மையில் நடப்பது அதைவிட நுட்பமானது என்பது என் எண்ணம். பூச்சியின் உடலில் ஏற்கெனவே இருக்கும் நோயெதிர்ப்பு, ஹார்மோன், நரம்பு ஏற்பாடுகளையே குளவி எடுத்துக்கொள்கிறது. அவற்றுள் சிலவற்றை அடக்குகிறது, சிலவற்றை நீட்டிக்கிறது, சிலவற்றைக் காலம் தவறி இயங்க வைக்கிறது. புதிதாக எதையும் கட்டுவது அரிது.

ஒட்டுண்ணிக் குளவிகளின் வாழ்க்கை முறையை இரண்டாகப் பிரிப்பது வழக்கம். ஒரு வகை, கொட்டிய கணமே பூச்சியை முடக்கி, அதன் வளர்ச்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, பெரும்பாலும் உடலுக்கு வெளியே முட்டையிடுகிறது. மற்றொரு வகை, பூச்சி தொடர்ந்து உண்டு வளர விட்டு, அதன் உள்ளேயே தன் குஞ்சுகளை வளர்க்கிறது. முதல் வகைக்கு வேண்டியது வலிய நஞ்சு. இரண்டாம் வகைக்கு அது போதாது. ஏனெனில் அதன் முட்டை, விழிப்போடு இயங்கும் ஓர் உடலுக்குள் நாள்கணக்கில் தங்கியாக வேண்டும். அந்த உடல் அந்நியப் பொருளைக் கண்டுகொள்ளவும் அழிக்கவும் வல்லது.

ஆரோக்கியமான புழுவின் ரத்தத்தில் ஓர் அந்நியப் பொருள் நுழைந்தால் நடப்பது இது. முதலில் ஒருவகை ரத்த அணுக்கள் அதன் மேல் ஒட்டுகின்றன. அவற்றின் அழைப்பில் பிற அணுக்கள் வந்து தட்டையாகப் பரவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அந்தப் பொருளைச் சுற்றி ஓர் உறையை எழுப்புகின்றன. பிறகு பீனால்ஆக்சிடேஸ் என்னும் நொதியின் செயலால் மெலனின் படிந்து அந்த உறை கறுத்துப்போகிறது. உள்ளே இருக்கும் முட்டை மூச்சுக்கு வழியின்றியும், அந்த வேதிவினையில் உண்டாகும் நச்சு மூலக்கூறுகளாலும் மடிகிறது. குளவி தன் முட்டையோடு வேறு எதையும் அனுப்பாவிட்டால் அதன் கதை இங்கேயே முடிந்துவிடும்.

அது வெறுமனே முட்டையை அனுப்புவதில்லை என்பதை 1981ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்று தெளிவாகக் காட்டியது. காம்ப்போலெட்டிஸ் சொனோரென்சிஸ் என்னும் குளவியின் முட்டைகளை எடுத்து நன்றாகக் கழுவிப் புழுவுக்குள் செலுத்தியபோது, புழு அவற்றை உறையிட்டு மூடியது. அதே முட்டைகளோடு, குளவியின் கருப்பையிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய வைரஸ் துகள்களையும் சேர்த்துச் செலுத்தியபோது, உறையிடுதல் ஒடுங்கிப்போனது. முட்டையைக் காத்தது அந்த வைரஸ்தான்.

பாலிட்னாவைரஸ் எனப்படும் இவ்வகை வைரஸ்கள் நாம் அறிந்த வைரஸ் என்ற கருத்தையே சற்று ஆட்டிவிடுகின்றன. இவற்றின் மரபணுக்கள் குளவியின் சொந்தக் குரோமோசோம்களிலேயே நிலையாகப் பதிந்துள்ளன. தாயிடமிருந்து மகளுக்கு, கண் நிறம் போவதைப் போலவே அவையும் போகின்றன. பெண் குளவியின் கருப்பையில் குறிப்பிட்ட ஒரு பகுதியின் செல்களில் மட்டும் துகள்கள் உருவாகின்றன. முட்டையோடு புழுவுக்குள் சென்ற துகள், அங்குள்ள செல்களில் நுழைந்து தன் மரபணுக்களை இயக்குகிறது. ஆனால் அங்கே பெருகுவதில்லை. துகளைக் கட்டுவதற்கு வேண்டிய மரபணுக்கள் அதற்குள்ளேயே இல்லை, அவை குளவியின் மரபணுத் தொகுதியிலேயே தங்கிவிட்டன. கொட்டீசியா கான்கிரிகேட்டாவின் வைரஸ் துகள்கள் சுமந்து செல்லும் டிஎன்ஏ 30 வளையங்களாக இருப்பது 2004இல் முழுமையாகப் படிக்கப்பட்டது. கொட்டீசியா அடங்கிய பிரகோனிட் குடும்பக் குளவிகளின் இந்த வைரஸ்கள், ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு மூதாதைக் குளவியைத் தொற்றிய நூடிவைரஸின் வழிவந்தவை என்று 2009இல் நிறுவப்பட்டது. காம்ப்போலெட்டிஸ் அடங்கிய இக்னியூமோனிட் குடும்பத்தில் உள்ளவை வேறொரு வைரஸ் மரபிலிருந்து தனியே தோன்றியவை. ஒரே உத்தி இருமுறை தனித்தனியாக உருவாகியிருக்கிறது என்றால், அதற்கான தேவை எவ்வளவு அழுத்தமானதாக இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்த வைரஸ் மரபணுக்கள் எங்கெங்கே கைவைக்கின்றன என்பது மைக்ரோப்ளைட்டிஸ் டெமோலிட்டார் என்னும் குளவியில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. அதன் வைரஸ் உருவாக்கும் ஒரு புரதம் புழுவின் ரத்த அணுக்களின் மேற்பரப்பில் அமர்ந்து, அவை எதன்மீதும் ஒட்டிப் பரவ முடியாதபடி செய்கிறது; ஆகவே உறையின் முதல் அடுக்கே அமையாது. இன்னொரு புரதம் மெலனின் உண்டாக்கும் நொதிச் சங்கிலியின் ஒரு கண்ணியைத் தடுக்கிறது; ரத்தம் கறுப்பதில்லை. வேறொரு புரதக் குடும்பம், நோயெதிர்ப்பு மரபணுக்களைத் தூண்டும் சமிக்ஞைப் பாதையில் இயற்கையாகவே தடையாக இருக்கும் ஒரு மூலக்கூறைப் போன்ற அமைப்புடையது. பூச்சியின் செல்லில் அந்தத் தடை, தொற்று வந்தால் சிதைக்கப்பட்டு விலகும். குளவி அனுப்பிய நகலோ விலகாமல் அமர்ந்திருக்கும். புழுவின் சொந்தப் பாதைக்குப் புழுவின் சொந்தப் பூட்டே போடப்படுகிறது, திறவுகோல் மட்டும் இல்லை.

வைரஸோடு நஞ்சும் சேர்ந்தே போகிறது. சில இனங்களில் நஞ்சு இல்லாவிட்டால் வைரஸ் சரிவர வேலை செய்வதில்லை. அடுத்ததாக, முட்டை பொரிக்கும்போது வேறொன்று நடக்கிறது. கருவைச் சூழ்ந்திருந்த சவ்வின் செல்கள் தனித்தனியே பிரிந்து புழுவின் ரத்தத்தில் மிதக்கத் தொடங்குகின்றன. டெரட்டோசைட்டுகள் எனப்படும் இவை மேற்கொண்டு பிரிவதில்லை. மாறாக ஒவ்வொன்றும் பன்மடங்கு பெருத்து, புரதங்களைச் சுரந்தபடி மிதக்கிறது. குளவிப் புழுவின் உடலுறுப்பாகவும் இல்லாமல், புழுவின் உடலாகவும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவே திரியும் இந்தச் செல்களைப் பற்றி முதன்முதலில் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. அவை நோயெதிர்ப்பைத் தொடர்ந்து அடக்கி வைக்கவும், சில இனங்களில் புழுவின் கொழுப்பை உடைத்துக் குளவிக் குஞ்சுக்கு எடுத்துச் செல்லும் வடிவில் தரவும் உதவுகின்றன.

இனி ஹார்மோன்களுக்கு வருவோம். இந்த விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஒரு புழு எப்போது தோலுரிக்க வேண்டும், எப்போது உண்பதை நிறுத்திக் கூட்டுப்புழுவாக வேண்டும் என்பதை இரண்டு ஹார்மோன்களின் ஏற்ற இறக்கம் தீர்மானிக்கிறது. இளம்பருவ ஹார்மோன் மிகுந்திருக்கும்வரை, ஒவ்வொரு தோலுரிப்பும் புழுவை மீண்டும் புழுவாகவே வைத்திருக்கும். கடைசிப் பருவத்தில் புழு ஒரு குறிப்பிட்ட எடையை எட்டியதும் இளம்பருவ ஹார்மோன் வீழ்கிறது. அதைச் சிதைக்கும் எஸ்டரேஸ் நொதி கூடுகிறது. முன்மார்புச் சுரப்பி, தோலுரிப்பைத் தூண்டும் இரண்டாவது ஹார்மோனான எக்டைசோனை வெளியிடுகிறது. புழு உண்பதை விட்டு மண்ணைத் தேடி அலையத் தொடங்குகிறது. உள்ளே பல பத்துக் குளவிப் புழுக்கள் வளர்ந்துகொண்டிருக்கும்போது இது நடந்தால் அவற்றுக்குக் கேடு. உருமாற்றத்தில் புழுவின் திசுக்கள் கலைந்து வேறு வடிவம் கொள்ளும். உடல் மண்ணுக்குள் போய்விடும். தடித்த ஓட்டைத் துளைத்து வெளியேறவும் முடியாது.

ஆகவே கொட்டீசியா குடியேறிய கொம்புப்புழுவில் அந்த வீழ்ச்சி நிகழ்வதில்லை. சிதைக்கும் நொதியின் அளவு தாழ்ந்தே இருக்கிறது, இளம்பருவ ஹார்மோன் உயர்ந்தே நிற்கிறது. குளவிப் புழுக்கள் தாமே அந்த ஹார்மோனைச் சுரந்து அதற்கு மேலும் வலுச் சேர்க்கின்றன. புழு ஒருபோதும் அலையும் கட்டத்தை அடைவதில்லை. குளவிக் குஞ்சுகளுக்கு வேண்டிய காலம்வரை அது இளமையிலேயே நிறுத்தி வைக்கப்படுகிறது. வேறொரு குளவி, டாக்சோநியூரான் நைக்ரிசெப்ஸ், இதே முடிவை வேறு வழியில் எட்டுகிறது. அது தங்கும் ஹீலியோத்திஸ் என்னும் அந்துப்பூச்சியின் புழுவில் முன்மார்புச் சுரப்பியே செயலிழக்கிறது, எக்டைசோன் போதிய அளவு வெளிவருவதில்லை.

இதற்கு நேர்மாறான உத்தியும் உண்டு என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கெலோனஸ் பேரினக் குளவிகள் அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே தம் முட்டையை இட்டுவிடுகின்றன. அந்துப்பூச்சியின் முட்டை பொரித்துப் புழு வெளிவந்து வளரும். ஆனால் வழக்கமான கடைசிப் பருவத்துக்கு முன்னரே, இன்னும் சிறியதாக இருக்கும்போதே, அது கூட்டுப்புழுவாகும் ஆயத்தங்களைத் தொடங்கிவிடும். உண்பதை நிறுத்தி, கூடு கட்டத் தொடங்கி, கூட்டுப்புழுவுக்கு முந்தைய நிலையில் அப்படியே நின்றுவிடும். இந்தக் குளவிக்கு வேண்டியது பாதுகாப்பான கூட்டுக்குள் இருக்கும் சிறிய உடல். ஆகவே அது கடிகாரத்தை முன்னே தள்ளுகிறது. கொட்டீசியாவுக்கு வேண்டியது நீண்ட உணவுக் காலம்; ஆகவே அது பின்னே இழுத்துப் பிடிக்கிறது. இரண்டும் தொடுவது ஒரே ஹார்மோன் ஏற்பாட்டைத்தான்.

உணவைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுக் கடக்கிறேன். ஒட்டுண்ணிக் குளவிகளில் பல இனங்கள், முழு வளர்ச்சியடைந்த பிறகு எவ்வளவு சர்க்கரை உண்டாலும் புதிதாகக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்வதில்லை. வாழ்நாள் முழுமைக்கும் வேண்டிய கொழுப்பின் பெரும்பகுதியைக் குஞ்சுப் பருவத்திலேயே, தங்கிய உடலிலிருந்து எடுத்துக்கொண்டாக வேண்டும். அதனால் தங்கிய பூச்சி தன் சேமிப்பை வேறெதற்கும் செலவிடாமல் பார்த்துக்கொள்வது குளவிக்கு அவசியமாகிறது. பூச்சியின் பெருஞ்செலவு இனப்பெருக்கம். அஃபிடியஸ் எர்வி என்னும் குளவி, செடிச்சாறு உறிஞ்சும் அசுவினியைக் கொட்டும்போது, அதன் நஞ்சிலுள்ள ஒரு நொதி அசுவினியின் கருப்பைச் செல்களைச் சிதைக்கிறது. மிச்சமாகும் ஊட்டம் குளவிக் குஞ்சுக்குப் போகிறது. அசுவினிக் கூட்டத்தைக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால், பச்சை உடல்களின் நடுவே ஊதிப் பெருத்து, காய்ந்து, பழுப்பேறி இலையோடு ஒட்டிக்கிடக்கும் சில உடல்கள் தென்படும். அவற்றின் பின்புறத்தில் ஒழுங்காக வெட்டியெடுத்ததுபோல் ஒரு வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. சிலவற்றில் வெட்டிய மூடி துளையின் விளிம்பில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும்.

கொம்புப்புழுவுக்குத் திரும்புவோம். குளவிப் புழுக்கள் தோலைத் துளைத்து வெளியேறுவதற்குச் சில மணி நேரம் முன்னரே கொம்புப்புழு உண்பதை நிறுத்திவிடுகிறது. அது நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் தன் முதுகிலுள்ள கூடுகளையே அது தின்றுவிடக்கூடும். எப்படி நிறுத்தப்படுகிறது? அதன் ரத்தத்தில் ஆக்டோபமைன் என்னும் வேதிப்பொருளின் அளவு இக்கட்டத்தில் உயர்ந்து, உயர்ந்த நிலையிலேயே நீடிக்கிறது. பூச்சிகளில் ஆக்டோபமைன் நரம்புச் சமிக்ஞையாகவும் நெருக்கடிக் கால ஹார்மோனாகவும் செயல்படுவது. அதோடு, வெளியேற்றத்தின்போது புழுவின் நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த, செல்களுக்கிடையே செய்தி கடத்தும் சைட்டோகைன் மூலக்கூறுகளும் பெருமளவில் வெளிப்படுவதாக ஷெல்லி அடாமோவின் ஆய்வுக் குழு 2016இல் காட்டியது.

இதை ஒரு சாதாரண உண்மையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். குளவி எதுவும் இல்லாமல், வெறும் பாக்டீரியாத் தொற்று வந்தாலும் கொம்புப்புழு உண்பதைக் குறைத்துக்கொள்ளும். நோயெதிர்ப்பு மண்டலமும் மூளையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வழி பூச்சிகளிலும் உண்டு. நோயுற்ற உடல் பசியைக் குறைத்து ஓய்வெடுப்பது அந்த உரையாடலின் விளைவு. நாள்கணக்கில் அந்த நோயெதிர்ப்பை அடக்கி வைத்திருந்த குளவி, வெளியேறும் நேரத்தில் அதே எதிர்ப்பு கிளர்ந்தெழுவதையும் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. புழுவின் அசையாமையை மனம் பறிபோன நிலை என்று வருணிப்பதைவிட, கடுமையான நோய்க்கால ஒடுக்கம் விடுபடாமல் நீடிக்கும் நிலை என்று புரிந்துகொள்வது சான்றுகளுக்கு நெருக்கமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூளையை நேரடியாகத் தொடும் குளவிகள் இல்லாமல் இல்லை. மரகதப் பச்சை நிறங்கொண்ட ஆம்புலெக்ஸ் கம்ப்ரெஸா, தன்னைவிடப் பெரிய அமெரிக்கக் கரப்பான்பூச்சியை இருமுறை கொட்டுகிறது. முதற்கொட்டு மார்பில், முன்னங்கால்களை இயக்கும் நரம்பு முடிச்சில் விழுகிறது. அதிலுள்ள, நரம்புச் செயலை அடக்கும் காபா முதலிய பொருள்கள் அந்தக் கால்களைச் சில நிமிடங்கள் மட்டும் முடக்குகின்றன. இரண்டாவது கொட்டுக்கு நுணுக்கம் வேண்டும். கரப்பான் தலையை மறைத்துக்கொள்ள முடியாமலிருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குள் அதை முடித்தாக வேண்டும். கழுத்தின் மெல்லிய தோல் வழியே கொடுக்கு தலைக்குள் நுழைந்து மூளையைத் தேடுகிறது. கொடுக்கின் நுனியிலேயே தொடுவுணர் உறுப்புகள் உள்ளன. மூளை முன்கூட்டியே அகற்றப்பட்ட கரப்பானைக் கொடுத்தபோது, குளவி வழக்கத்தைவிட மிக நீண்ட நேரம் கொடுக்கால் துழாவியது என்று பரிசோதனையில் தெரியவந்தது.

கொட்டுப்பட்ட கரப்பான் ஏறக்குறைய அரைமணி நேரம் தன் உடலை ஓயாமல் சுத்தம் செய்துகொள்கிறது. இதற்குக் காரணம் நஞ்சிலுள்ள டோபமைன் என்னும் நரம்புச் சமிக்ஞைப் பொருள் என்று கருதப்படுகிறது. அதன் பிறகு அது தானாக நடப்பதில்லை. ஆனால் அது முடங்கிவிடவில்லை. மல்லாக்கத் தள்ளினால் புரண்டு நிமிர்கிறது, காற்றின் நடுவே பிடித்து வைத்தால் சிறகடிக்கிறது. நடக்கும் இயந்திரம் பழுதடையவில்லை, நடக்கத் தொடங்கும் தூண்டுதல் மட்டும் வருவதில்லை. இங்கேயும் ஆக்டோபமைன்தான் தொடர்புபட்டிருக்கிறது: ஆக்டோபமைனைப் போலச் செயல்படும் மருந்தைச் செலுத்தியபோது கரப்பானின் நடை ஓரளவு மீண்டது. குளவி அதன் உணர்கொம்பைப் பிடித்து வளைக்கு இழுத்துச் செல்ல, கரப்பான் கூடவே நடந்து போகிறது. நடுக்காலின் அடியில் ஒரு முட்டை இடப்படுகிறது. கொட்டுப்பட்ட கரப்பானின் ஆக்சிஜன் நுகர்வு குறைந்திருப்பதும், வேறு மருந்தால் முடக்கப்பட்ட கரப்பானைவிட அது நீண்ட நாள் உயிர் பிழைப்பதும் அளந்து அறியப்பட்டவை. அதாவது நஞ்சு கரப்பானை அடக்குவதோடு, கெடாமலும் பார்த்துக்கொள்கிறது. முட்டையே இடாமல் விட்டுவிட்டால், ஏறத்தாழ ஒரு வாரத்தில் கரப்பான் தேறிவிடுகிறது.

பொறிவண்டைத் தாக்கும் டினோகாம்பஸ் குளவியும் அப்படித்தான். குளவிப் புழு வெளியேறி வண்டின் கால்களுக்கிடையே கூடு கட்டிக்கொள்ள, வண்டு நடுங்கியபடி அதன்மேல் நின்று காவல் காக்கிறது; அந்த நேரத்தில் வண்டின் மூளையில் குளவியிடமிருந்து வந்த ஒரு ஆர்என்ஏ வைரஸ் இருப்பது 2015இல் கண்டறியப்பட்டது. காவல் முடிந்த பிறகு ஏறத்தாழ கால்பங்கு வண்டுகள் மீண்டும் உண்டு நடமாடத் தொடங்குகின்றன.

பூச்சிகள் இதற்கெல்லாம் வாளாவிருப்பதில்லை. பழ ஈயின் குஞ்சுகள், தங்களுக்குள் குளவி முட்டை நுழைந்துவிட்டால் ஆல்கஹால் மிகுந்த உணவை நாடிச் செல்கின்றன. அந்த ஆல்கஹால் உள்ளிருக்கும் குளவிக் குஞ்சைக் கொல்கிறது. சில அசுவினிகளின் உடலில் வாழும் ஹாமில்டோனெல்லா டிஃபென்சா என்னும் பாக்டீரியா குளவிக் குஞ்சை அழிக்கிறது. அந்தப் பாக்டீரியாவுக்குள் ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாத் தின்னி வைரஸ் இருந்தால்தான் அந்தக் காப்பு கிடைக்கும், வைரஸை இழந்தால் காப்பும் போய்விடும். ஒரு வைரஸ் குளவிக்காக வேலை செய்வதைப் பார்த்தோம். இங்கே இன்னொன்று அசுவினியின் பக்கம் நிற்கிறது.

அண்மைக் கால ஆய்வுகளில் என் கவனத்தை மிகவும் ஈர்த்தவை, குளவியின் செல்வாக்கு புழுவின் உடலோடு நிற்பதில்லை என்று காட்டும் ஆய்வுகள். மைக்ரோப்ளைட்டிஸ் குரோசைப்பெஸ் குளவியின் வைரஸ், அது தங்கும் புழுவின் உமிழ்நீரில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்னும் நொதியைக் குறைத்துவிடுகிறது. தக்காளிச் செடி, புழு தன்னைக் கடிப்பதை உணர்ந்து தற்காப்பு வேதிப்பொருள்களைச் சுரப்பதற்கு அந்த நொதியே ஒரு தூண்டுகோல். நொதி குறைந்தால் செடியின் எதிர்ப்பு தளர்கிறது, புழு நன்றாக வளர்கிறது, உள்ளிருக்கும் குளவியும் நன்றாக வளர்கிறது.

ஆனால் உமிழ்நீரை மாற்றுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. முட்டைக்கோசுப் புழுவுக்குள் வளரும் கொட்டீசியா குளோமெராட்டாவுக்கு ஒரு பகை உண்டு: அதன் கூடுகளில் தன் முட்டையை இடும் லைசிபியா நானா என்னும் மற்றொரு குளவி. குளவி தங்கிய புழு கடிக்கும் இலையிலிருந்து எழும் மணம், தங்காத புழு கடிக்கும் இலையின் மணத்திலிருந்து வேறுபடுகிறது. லைசிபியா அந்த மணத்தைப் பின்பற்றித் தன் இரையைக் கண்டுபிடிக்கிறது. இம்மாற்றத்துக்கு உள்ளிருக்கும் குளவிப் புழுக்கள்கூட வேண்டியதில்லை என்பது 2018இல் தெரிந்தது. குளவியின் வைரஸையும் நஞ்சையும் மட்டும் ஊசிவழி ஏற்றி, முட்டை எதுவும் இடாத புழுக்களை இலைகளில் விட்டபோதும், லைசிபியா குளவிகள் அந்தச் செடிகளை நாடின.